புண் ஆறும் பொழுது

விளையாட்டைக் காண்பவர் களத்தில் இறங்குவதில்லை. எனினும், களத்தில் இருப்பவருக்கு அடிபட்டால் காண்பவருக்கும் வலிக்கிறது. இவ்வலி எங்கிருந்து பிறக்கிறது, யார்பொருட்டுப் பிறக்கிறது என்னும் வினாக்கள் நெடுநாளாகவே நம் நெஞ்சில் உள்ளன. தமிழ் கற்பிப்போர்க்கு விளையாட்டுத் திடலில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். மாணவர் மனம் எங்கே உலவுகிறதோ அங்கே ஆசிரியருக்கும் சிறிது வேலை உண்டு என்பதே அவர்கட்கு நாம் கூறும் விடை.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எம் மாணவர்தம் மனம் முழுவதும் ஒருவருடைய முதுகிலேயே குடிகொண்டிருந்தது. இந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ராவின் முதுகுதான் அது. வகுப்பில் புறநானூறு நடக்கும். இடைவேளையில் பும்ராவின் முதுகெலும்பு நடக்கும். செய்யுளுக்குப் பதவுரை கூறத் தயங்கும் மாணவர் கூட, அவ்வெலும்பின் நிலைக்கு விரிவுரையே ஆற்றுவர்.

நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். 2019 செப்டம்பரில் பும்ராவின் கீழ்முதுகில் நுண்ணிய எலும்பு முறிவு கண்டறியப்பட்டது. 2020 சனவரியில் அவர் மீண்டு வந்தார். 2022 ஆகஸ்டில் முதுகுவலி மீண்டும் தலைகாட்டவே, ஆசியக் கோப்பை அணியில் அவர் இடம்பெறவில்லை. செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக நாக்பூரிலும் ஐதராபாத்திலும் பந்து வீசினார். 'வந்துவிட்டார்' என்று அனைவரும் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி ஒரு வாரமும் நிலைக்கவில்லை. அக்டோபரில் தொடங்கிய இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு அவர் செல்லவில்லை. 2023 சனவரியில் இலங்கைக்கு எதிரான ஒருநாள் ஆட்டங்களுக்கு அவர் பெயர் சேர்க்கப்பட்டு, சில நாள்களிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. மார்ச்சில் நியூசிலாந்து நாட்டில் அறுவை மருத்துவம் நடைபெற்றது. அவ்வாண்டின் ஐ.பி.எல். போட்டிகளும், சூன் மாதம் லண்டன் ஓவல் அரங்கில் நடந்த டெஸ்ட் உலகச் சாம்பியன் இறுதியாட்டமும் அவரின்றியே நடந்து முடிந்தன.

இவ்வளவு நீண்ட காத்திருப்பில் இரசிகர் மனம் எவ்வாறு மாறுகிறது என்பதை நாம் அருகிருந்து கண்டோம். முதலில் இரக்கம் இருந்தது. அடுத்துப் பொறுமையின்மை வந்தது. அதன்பின் ஐயம் வந்தது. "நாட்டுக்கு ஆட வலிக்குமாம், ஐ.பி.எல்லுக்கு வந்துவிடுவார் பாருங்கள் ஐயா" என்றார் ஒரு மாணவர். ஐ.பி.எல். வந்தது, பும்ரா வரவில்லை. ஐயுற்ற மாணவர் அதைப் பற்றிப் பின்னர் பேசவில்லை.

ஒரு புண் ஆறுவதற்கு ஏன் இத்துணைக் காலம் ஆகிறது? வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும் நொடியில் முன்கால் தரையில் ஊன்றுகிறது. அவருடைய உடல் எடையைப் போலப் பன்மடங்கு விசை அக்கால் வழியே மேலேறுகிறது. அதே நொடியில் உடல் பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்கிறது. இவையனைத்தையும் கீழ்முதுகெலும்பின் பின்புறத்தில் உள்ள மெல்லிய வளைவு ஒன்று தாங்க வேண்டும். ஒருமுறை இருமுறை அன்று, பல்லாயிரம் முறை. அதுவும் பும்ரா குறுகிய ஓட்டம் ஓடிப் பெருவேகம் காட்டுபவர். ஓட்டம் தராத வேகத்தை உடலே தந்தாக வேண்டும் அன்றோ?

எலும்பு கல்லன்று, உயிருள்ளது. தேய்ந்த பகுதியை அது முதலில் தானே அகற்றும். பின்னரே புதிதாய்க் கட்டும். பழைய சுவரை இடிப்பது எளிது. புதுச்சுவர் எழுப்பி ஈரம் உலரக் காத்திருப்பது அரிது. அகற்றும் வேலை சில வாரங்களில் முடியும். கட்டும் வேலைக்குப் பல மாதங்கள் வேண்டும். இதனிடையே ஓய்வினால் வலி மட்டும் விரைந்து அடங்கிவிடுகிறது. வலி நின்ற நாள் வேறு. எலும்பு வலுப்பெற்ற நாள் வேறு. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலமே ஆபத்தானது. அப்போது வீரர் நடப்பார், சிரிப்பார், பந்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார். புகைப்படத்தில் நலமுடன் தோன்றுவார். 'இன்னும் ஏன் வரவில்லை?' என்று நாம் கேட்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. மருத்துவன் கருத வேண்டியவை மூன்று என்று அங்கே வள்ளுவர் வகுக்கிறார். நோயுற்றவன் நிலை ஒன்று; நோயின் நிலை மற்றொன்று; காலம் மூன்றாவது. காலத்தைத் தனியே எண்ணி வைத்த நுட்பத்தை நாம் வியக்கிறோம். போட்டி அட்டவணை ஒரு காலத்தைச் சொல்கிறது. உடல் வேறொரு காலத்தைச் சொல்கிறது. இரசிகர் கையில் இருப்பது அட்டவணை மட்டுமே.

இக்கவலை இன்றைய இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. இளமுனைவர் பட்டத்திற்காக நாம் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த 2004ஆம் ஆண்டில், சச்சின் டெண்டுல்கரின் முழங்கையில் வலி கண்டது. 'டென்னிஸ் எல்போ' என்னும் சொல்லை அன்றுதான் நாடே கற்றுக்கொண்டது. டென்னிசே ஆடாதவருக்கு அந்நோய் எப்படி வந்தது என்று விடுதியில் நள்ளிரவு வரை வாதம் நடக்கும். அவ்வாண்டு அக்டோபரில் ஆஸ்திரேலிய அணி வந்தபோது, பெங்களூரிலும் நம் சென்னையிலும் அவர் ஆடவில்லை. மூன்றாவதாக நாக்பூரில் களமிறங்கி 8, 2 என்னும் ஓட்டங்களோடு திரும்பினார். இந்தியா அவ்வாட்டத்தையும் தொடரையும் இழந்தது.

விடுதிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் அந்நாள்களில் எத்தனை மருத்துவர்கள்! ஒருவர் எண்ணெய் சொல்வார். இன்னொருவர், "புத்தூருக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போனா மூணே கட்டுல கை சரியாயிடும்" என்பார். தம் கையால் ஏதும் செய்ய இயலாதவர்கள் தமக்குத் தெரிந்த மருந்தைச் சொல்லி ஆற்றிக்கொண்டனர். அதை அறியாமை என்று தள்ள நம் மனம் ஒப்பவில்லை. அது அன்பின் வேலை.

ஆயின் அவ்வன்புக்கும் ஓர் எல்லை இருந்தது. 2005 மே மாதம் லண்டனில் சச்சினுக்கு முழங்கை அறுவை நடந்தது. அக்டோபரில் மீண்டும் அதே நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ஓட்டங்கள் எடுத்தார். திசம்பரில் தில்லியில் தம் 35ஆவது டெஸ்ட் சதத்தை எட்டினார். நாடு கொண்டாடியது. மூன்று மாதங்கள் கழிந்தன. 2006 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் குறைந்த ஓட்டத்தில் அவர் வெளியேறியபோது, அவர்தம் சொந்த ஊரான மும்பையின் வான்கடே அரங்கிலேயே ஏளனக் கூச்சல் எழுந்தது. சில நாள்களில் அவர் மீண்டும் லண்டன் சென்றார். இம்முறை தோள்பட்டைக்கு அறுவை. கூச்சலிட்டவர் கண்ட மட்டை அனைவர்க்கும் தெரிந்தது. அதனைத் தூக்கிய தோள் எவர்க்கும் தெரியவில்லை. செப்டம்பரில் கோலாலம்பூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் எடுத்தபோது, கைதட்டல் திரும்பி வந்தது.

புண்பட்ட வீரனைச் சுற்றியிருப்போர் எவ்வாறு இருத்தல் வேண்டும்? இதற்கு நம் பழம்பாட்டில் ஒரு காட்சி உண்டு. புறநானூற்றின் 281ஆம் பாட்டு அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்ட தலைவன் மனையில் கிடக்கிறான். மனையிறப்பில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகப்படுகின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. வெண்சிறுகடுகு தூவப்படுகிறது. மணி ஒலிக்க, காஞ்சிப் பண் பாட, நறும்புகை மனையெங்கும் பரவுகிறது. தலைவி தன் தோழியைத் துணைக்கு அழைத்து அவன் புண்ணைக் காக்க முனைகிறாள். பேயை விலக்குதல் அக்கால நம்பிக்கை. அதனை இன்று நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் அம்மனையில் நிகழும் செயல்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அனைத்தும் காத்தலைச் சார்ந்தவை. அவன் மறுபடியும் எந்நாளில் போர்க்களம் புகுவான் என்னும் வினா அப்பாட்டில் இல்லை.

இப்பாட்டை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஆயினும் அதன் பொருள் எம் கல்லூரித் திடலில் வைத்தே முழுமையாய் விளங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் எம் துறையில் இறுதியாண்டு பயின்ற மாணவர் ஒருவர் கபடி அணியின் உயிர்நாடியாக விளங்கினார். அவர் பாடிச் சென்றால் வெறுங்கையோடு திரும்புதல் அரிது. பயிற்சியின்போது ஒருநாள் அவர் முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் தசைநார், மாணவர் 'லிகமென்ட்' என்று வழங்குவது, அறுந்துவிட்டது. அறுவை மருத்துவம் செய்து வேறு நாண் ஒன்றைப் பொருத்தினர். அவ்வாறு பொருத்திய நாண் முதற்சில மாதங்களில் வலுக்குறைந்து, பின்னரே மெல்ல மெல்ல வலுப்பெறும். ஒன்பது மாதமேனும் பொறுக்க வேண்டும் என்றார் மருத்துவர். மண்டலப் போட்டியோ ஆறாம் மாதத்தில் வந்து நின்றது.

அம்மாணவர் உணவகத்திற்கு வருவதை நிறுத்தினார். திடல் வழியே செல்லாமல் சுற்றிச் சென்றார். துறை அறைக்கு அழைத்துக் காரணம் வினவினோம். "கால் எப்படி இருக்குன்னு கேட்டா பதில் சொல்லலாம் ஐயா. எல்லாரும் எப்ப வருவேன்னுதான் கேக்குறாங்க. அதுக்கு என்ன சொல்றது? உம்மா மட்டுந்தான், இப்ப நோவுதா வாப்பான்னு கேக்குது" என்றார்.

மறுநாள் அணித்தலைவர் எம்மிடம் வந்தார். "ஐயா, ஒரே ஒரு ஆட்டம். நீங்க சொன்னா கேப்பான்" என்றார். அவரும் நல்ல மாணவர். கல்லூரியின் பெயர் நிலைக்க வேண்டும் என்னும் வேட்கை கொண்டவர். "அவர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டீரா?" என்றோம். அணித்தலைவர் விடை கூறவில்லை. அன்று மாலை நண்பரின் இல்லம் சென்றார் என்று பின்னர் அறிந்தோம். அடுத்து வந்த வாரங்களில் இயன்முறை மருத்துவத்திற்கு நண்பரைத் தம் வண்டியின் பின்னே அமர்த்தி அழைத்துச் சென்றவரும் அவரே.

அவ்வாண்டு எம் அணி அரையிறுதியில் தோற்றது. அடிபட்ட மாணவர் எல்லைக்கோட்டருகே தண்ணீர்ப் புட்டிகளோடு அமர்ந்திருந்தார். கல்லூரிக்காக அவர் மீண்டும் ஆடவே இல்லை. அதற்குள் படிப்பு முடிந்துவிட்டது. அவ்விழப்பு சிறிதென்று நாம் கூற மாட்டோம். மறு ஆண்டுப் பொங்கலில் தம் ஊர்த்திடலில் அவர் பாடிச் சென்றார் என்று சொல்ல, அணித்தலைவர் தொலைவிலிருந்து எம்மைத் தேடி வந்தார்.

'எப்போது வருவாய்?', 'எப்படி இருக்கிறாய்?' என்னும் இரு வினாக்களும் அன்பிலிருந்தே பிறக்கலாம். ஆயினும் முன்னது நம் தேவையைச் சொல்கிறது. பின்னது அவர் வலியைக் கேட்கிறது. புண்பட்டவர் செவிக்கு இவ்வேறுபாடு உடனே புலப்பட்டுவிடுகிறது.

பும்ரா 2023 ஆகஸ்டு 18ஆம் நாள் அயர்லாந்தில் அணித்தலைவராகவே மீண்டார். வீசிய முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வாண்டு ஒருநாள் உலகக் கோப்பையில் 20 விக்கெட்டுகள். 2024இல் இந்தியா வென்ற இருபது ஓவர் உலகக் கோப்பையில் 15 விக்கெட்டுகளும் தொடர் நாயகன் விருதும். காத்திருந்த மாதங்களில் கட்டப்பட்ட எலும்பின் மீதே இவையெல்லாம் நின்றன. அக்கதை அதோடு முடியவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரே தொடரில் 32 விக்கெட்டுகள் எடுத்தபின், 2025 சனவரியில் சிட்னி ஆட்டத்தின் நடுவே முதுகைப் பிடித்தபடி அவர் வெளியேறினார். சாம்பியன்ஸ் கோப்பையில் ஆடவில்லை. ஏப்ரலில் மீண்டார். அவ்வாண்டு இங்கிலாந்தில் நடந்த ஐந்து டெஸ்ட் ஆட்டங்களுள் மூன்றில் மட்டும் ஆடினார். இந்தியா வென்ற இரண்டும் அவர் ஆடாதவை என்பதைச் சுட்டி நகைத்தாரும் உளர். நாம் அவரை ஆட்டங்களால் எண்ணுகிறோம். அவர் முதுகோ, வீசிய ஒவ்வொரு பந்தையும் எண்ணி வைக்கிறது.

வள்ளுவர் மருந்தின் கூறுகளாக நால்வகையை எண்ணுகிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுவோனையும் அவர் சேர்க்கிறார். மாணவச் செல்வங்களே! பும்ராவின் அருகில் நாம் சென்று அமர இயலாது. அவர் வரும்வரை ஐயுறாது பொறுத்திருக்க இயலும். ஆனால் நம் விடுதியில், நம் வகுப்பின் கடைசி வரிசையில், கட்டுப்போட்ட காலோடு அமர்ந்திருப்பவர் அருகில் இடம் இருக்கிறது. அங்கே சென்று அமருங்கள். போட்டி நாளை மறந்து, வலியைப் பற்றி முதலில் கேளுங்கள்.