பெரியப்பாவின் புல்லட்டில் பாஞ்சாலங்குறிச்சி!

கரிசல் காட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. வெயிலும் வேலிக்கருவையும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்பார்கள். மழை பெய்த மறுநாள் வந்து பாருங்கள், ஸார்! ஒரு எட்டு வைத்தால் செருப்போடு ஒரு கிலோ மண் கூடவே வரும். சைக்கிளின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் அப்பிக்கொள்ள, கடைசியில் சைக்கிள்தான் மனுஷன் தோளில் ஏறிச் சவாரி செய்யும். கோடையில் நேரெதிர். தரை பாளம் பாளமாக வெடித்து, கீழே விழுந்த சாவிக்கொத்தைத் தேட வேண்டுமென்றால் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட மண்ணில் கௌரவமாக ஓடிய வண்டி ஒன்று உண்டென்றால் அது புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. நம் ராணுவத்துக்குப் பிடித்துப்போய், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து திருவொற்றியூரில் குடியேறியது. 1967-ல் ரெட்டிச் ஆலையையே மூடிவிட்டார்கள். மாமியார் வீட்டுக்கு வந்த பெண், பிறந்த வீடு இல்லாமல் போன பிறகும் இங்கேயே வேரூன்றிப் பேரன் பேத்தி எடுத்த கதைதான்.

கோவில்பட்டியில் பஞ்சு வியாபாரம் பார்த்த என் பெரியப்பாவிடம் 1972-ம் வருஷத்து புல்லட் ஒன்று இருந்தது. 346 சி.சி., வலது காலில் கியர், இடது காலில் பிரேக். சந்தை நாளில் நாலு தெரு தள்ளி 'டப்... டப்... டப்' என்று கேட்டாலே பெரியம்மா உலை வைத்துவிடுவார். சத்தம் வாசலுக்கு வருவதற்கும் சோறு கொதிப்பதற்கும் சரியாக இருக்குமாம்.

பெரியப்பா காலமாகி ஆறு வருஷம். வண்டி தொழுவத்தில் பருத்திச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பி ஒரே வாக்கியத்தில் உயில் வாசித்துவிட்டார்.

"ஏய்யா, ஓட்டுறதா இருந்தா நீ எடுத்துக்கோ. சும்மா நிறுத்தி வச்சுப் பாக்குறதுக்குன்னா, தூக்கிட்டுப் போய் எடைக்குப் போட்டுரு. அது கெடக்குற கெடையப் பாக்க எனக்கு முடியல."

தீபாவளி வரை கெடு. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் இரண்டு தடவை வந்து, சைலன்ஸரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி!

டாங்கில் ஆயில் இருக்கிறதா என்று குச்சியை எடுத்துப் பார்த்தால், சுத்தமாக வறண்டிருந்தது. "ரெண்டு லிட்டர் ஊத்தி ஒரு மிதி மிதிங்க, ஓடிரும்" என்றார் இரும்பு வியாபாரி, பெரிய மனசோடு. நல்ல வேளையாக மெக்கானிக் அண்ணாச்சி பக்கத்தில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். பெரியப்பா காலத்திலிருந்து அந்த வண்டிக்கு அவர்தான் குடும்ப டாக்டர்.

"ஊத்திராதீங்க தம்பி! ஆயில் எங்கயும் போகலை. இடம் மாறி உக்காந்திருக்கு" என்றார்.

அவர் விளக்கியதை நான் பி.காம். பாஷையில் சொல்கிறேன். பழைய புல்லட்டுக்கு ஆயில் டாங்க் தனியாகத் தொங்காது. என்ஜின் கூட்டுக்குள்ளேயே பின்பக்கம் ஒரு அறை. அங்கிருந்து ஒரு பம்ப் ஆயிலை எடுத்து, ஃபில்டர் வழியாக கிராங்க்கின் 'பிக் எண்ட்'டுக்கு அனுப்பும். இது பற்று. கீழே வடிகிற ஆயிலை இன்னொரு பம்ப் உறிஞ்சி, தலைப்பக்கம் ராக்கருக்குக் கொஞ்சம் காட்டிவிட்டு, திரும்ப அறைக்கே சேர்க்கும். இது வரவு. ஓடுகிறவரை கணக்கு நேர். நிறுத்தி வைத்தால்தான் வம்பு. பம்பின் இடுக்கு வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, கிராங்க் இருக்கிற பள்ளத்தில் போய்த் தேங்கிவிடும். குச்சி வறண்டு காட்டும். அதை நம்பி மேலே ஊற்றினால் கணக்கு இரட்டிப்பு! ஸ்டார்ட் செய்ததும் ப்ரீத்தர் குழாய் வழியாக ஆயிலும், சைலன்ஸர் வழியாகத் தெரு முழுக்கப் புகையும்தான்.

அண்ணாச்சி அடியில் இருந்த நட்டைக் கழற்றினார். ஆறு வருஷத்து ஆயில், கருப்பட்டிப் பாகு மாதிரி இறங்கியது. ஃபில்டரை எடுத்தால் கம்பளித் துணி தார் பூசினாற்போல இருந்தது. புதுசு போட்டார். டைமிங் கவரைத் திறந்து, சுண்டு விரல் நுனி அளவு கார்க் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். காய்ந்து பொடியாகிவிட்டது.

"இந்தக் கார்க் வழியாத்தான் கிராங்க்குக்கு ஆயில் போகணும். இது உதிர்ந்திருந்தா ஆயில் வெளிய ஒழுகிரும், உள்ள போகாது. இந்த பிக் எண்ட் உருளை பேரிங் இல்ல, புஷ். ஆயில் படலத்து மேல மிதக்குற சாமான். ஆயில் இல்லாம ரெண்டு நிமிஷம் ஓடுனா புடிச்சிக்கிரும். அப்புறம் அவரு சொன்ன மாதிரி எடைக்குத்தான்!"

புது கார்க், புது வாஷர். சுமார் இரண்டேகால் லிட்டர் 20டபிள்யூ-50. ஃபில்டர் அறையிலேயும் கையாலேயே ஆயிலை நிரப்பினார். ப்ளக்கைக் கழற்றி வைத்து, "இப்ப மிதிங்க, நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்" என்றார். நாற்பது மிதியில் எனக்கு உடம்பிலிருந்த ஆயில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஃபில்டர் மூடியை அவர் லேசாகத் தளர்த்த, அங்கே பளபளவென்று ஒரு கசிவு. பற்று சரி. பிறகு ப்ளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, தலையில் ராக்கருக்குப் போகிற போல்ட்டைத் தளர்த்த, அங்கேயும் துளிர்த்தது. வரவும் சரி!

'டப்... டப்... டப்...'

திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா அடுப்படி வாசலில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உலைப் பானை வைக்கிற சத்தம் கேட்டது.

வாரிசுச் சான்றிதழ், படிவம் 31, ஆர்.சி. புதுப்பித்தல், பசுமை வரி எல்லாம் முடித்து முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சியைத் தேர்ந்தெடுத்தேன். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், அங்கிருந்து தூத்துக்குடி ரோடு பிடித்துக் குறுக்குச்சாலை, உள்ளே திரும்பினால் கோட்டை. சுமார் 50 கிலோமீட்டர். "நாற்பதுக்கு மேல முறுக்காதீங்க" என்பது அண்ணாச்சி உத்தரவு.

அந்த வேகத்தில் போனால்தான் கரிசல் கண்ணில் படும். உளுந்தும் பாசியும் பருத்தியும் கம்பும் மாறி மாறி வரும். இடையில் கரிமூட்டம் புகையும். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும், 'கல்கி' நிதி திரட்டி எழுப்பி, 1947-ல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபத்தையும் பார்த்துக்கொண்டேன். வண்டிக்குக் கீழே நாலு சொட்டு ஆயில். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "புல்லட்டு சொட்டுனா நல்லதுங்க. சொட்டலைன்னாத்தான் உள்ள ஆயில் இருக்கான்னு பாக்கணும்!"

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நாம் பார்க்கிற கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. பழைய கோட்டையின் அடித்தளங்கள் பக்கத்திலேயே தரையோடு தரையாகக் கிடக்கின்றன. கட்டபொம்மன் குலதெய்வமான வீரசக்கதேவி கோயில் இருக்கிறது. சண்டையில் செத்த கும்பெனிக்காரர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. இரண்டு தரப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறது இந்த மண்!

சிவாஜியின் வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால், சினிமா முடிகிற இடத்தில் கதை முடியவில்லை. 1799 செப்டம்பரில் பானர்மேன் படை கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, இடிந்து கிடந்த இதே இடத்தில் சில நாட்களிலேயே மண்கோட்டையைத் திரும்ப எழுப்பிவிட்டார். செருப்பை விடாமல் பிடிக்கிற இந்த மண்தான் பீரங்கிக்கும் ஈடு கொடுத்தது. கும்பெனிக்கு அதை மறுபடி பிடிக்க மே 24 வரை ஆயிற்று.

இந்தத் தடவை அவர்களுக்குக் கோபம் தீரவில்லை. கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். இனி இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று அர்த்தம்.

ஆமணக்கு என்றதும் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து என்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் உசத்தி. முதல் உலகப் போரில் விமானங்களே அதில்தான் பறந்தன. 1909-ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் என்பவர் தம் எண்ணெயில் ஆமணக்கைக் கலந்து, 'காஸ்டர்' என்ற அதன் பெயரிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தார். ஊரை அழிக்க விதைத்த விதை, என்ஜினைப் பிழைக்க வைக்கிற எண்ணெய்! கோட்டை நிழலில் இங்கிலாந்தில் பிறந்த வண்டி நிற்க, அதன் அடியில் இன்னும் மூன்று சொட்டு.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி என்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூன்று விதிகள் சொன்னார். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒன்று, ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்திய பிறகே குச்சியைப் பார்க்க வேண்டும். இரண்டு, முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் மாற்றிவிட்டு, அப்புறம் 2,000-க்கு ஒரு தடவை, கூடவே ஃபில்டர். மூன்று, எது எப்படி இருந்தாலும் வாரம் ஒரு தடவை ஓட்டியே தீர வேண்டும். "ஓடித் தேஞ்ச வண்டியவிட நின்னு கெட்ட வண்டிதான் தம்பி ஜாஸ்தி."

பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"அதத்தான நானும் சொன்னேன்" என்றவர், "மே மாசம் சக்கம்மா கோயில் திருவிழாவுக்கு என்னையப் பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டார். பெரியப்பா ஒருநாளும் கூட்டிப் போனதில்லையாம். வண்டியில் எப்போதும் பருத்திச் சாக்குதான் உட்கார்ந்திருக்குமாம்.

விஷயத்தை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. பொறப்படுறதுக்கு முன்னாடி ஆயிலப் பாருங்க. பின் டயர்ல காத்தும் ரெண்டு பவுண்டு கூட வைங்க!"