வாத்தியார் முகம்

எங்கள் காலனியிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் நாங்கள் ஆறு பேர். மணி அடித்ததும் நாங்கள் முதலில் படித்தது கரும்பலகையை அல்ல, வாத்தியாரின் முகத்தை. இன்றைக்கு என்ன நிலவரம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அறிவியல் வாத்தியார் எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. நோட்டுத் திருத்தும்போது மற்றவர்கள் நோட்டைக் கையில் வாங்குவார். எங்கள் முறை வந்தால், "மேசைமேல வை" என்பார். பேனா முனையால் பக்கத்தைத் தள்ளி ஒரு டிக் போடுவார். சரியான விடைக்கும் டிக், தப்புக்கும் டிக். பத்தாம் வகுப்பு முழுக்க இதயத்தின் படத்தில் இடது வலதை மாற்றியே வரைந்துகொண்டிருந்தோம். அதைத் திருத்த வேண்டுமென்றால் அவர் நோட்டைக் கையில் எடுத்திருக்க வேண்டுமே!

அந்த அருவருப்பையாவது அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. தமிழ் டீச்சரின் இரக்கம் எங்களுக்குப் பிடிபட வெகுகாலம் ஆனது. நல்ல மனுஷி. பண்டிகைக்குப் பழைய துணி கொண்டுவந்து தருவார். ஆனால் செய்யுள் ஒப்பிக்க எங்களை எழுப்பவே மாட்டார். "பாவம், அதுங்களுக்கு வீட்ல யாரு சொல்லித்தரப் போறா?" என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்வார். பாஸ் மார்க் போட்டு விட்டுவிடுவார். லகர ளகரப் பிழைகளோடு கல்லூரிக்குப் போய், முதல் கட்டுரையைத் திரும்ப வாங்கிய அன்றுதான் அந்த 'பாவம்' எங்களை என்ன செய்தது என்று விளங்கியது.

கணக்கு டீச்சர் நேர் எதிர். எரிந்து விழுவார். "உனக்கு வரும்டா, ஏன் போடல?" என்று சாக்பீஸைக் கையில் திணித்துப் போர்டுக்குத் தள்ளுவார். அந்தக் கோபம் எங்களுக்குப் பிடித்திருந்தது. எங்களால் முடியும் என்று நம்பியதால் வந்த கோபம் அது.

அவர் வகுப்பிலும் ஒருநாள் கை எழவில்லை. உதவித்தொகை ஃபாரம் வந்த நாள் அது. ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று, "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திருங்க" என்றார். எழுந்தோம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அடுத்த பீரியடில் தெரிந்த கணக்குக்குக்கூட நாங்கள் வாய் திறக்கவில்லை.

சமூகவியல் படிக்கும்போது கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரின் ஆய்வு கிடைத்தது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்திருக்கிறார்கள். சாதியை அறிவிக்காத குழுக்களில் தலித் சிறுவர்களும் ஆதிக்கசாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே செய்தார்கள். எல்லோர் முன்னாலும் சாதியைச் சொன்ன குழுக்களில் தலித் சிறுவர்கள் பின்தங்கினார்கள். படித்ததும் அந்த ஃபாரம் நாள்தான் நினைவுக்கு வந்தது.

நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, மாணவர்களைச் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. கையில் கட்டும் கயிறு பற்றி விவாதித்த அளவுக்கு இதை யாரும் பேசவில்லை. தோழர்களே, உங்கள் பகுதிப் பள்ளியில் இந்த இரண்டையும் மட்டுமாவது விசாரித்துப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் சுமை உண்டு. பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் ஆன்லைன் பதிவு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் களைப்பில் வரும் எரிச்சல் எல்லாப் பெஞ்சுக்கும் ஒன்றாகத்தானே போக வேண்டும்?

இப்போது காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். போன மாதம் ஒருநாள் பட்டா மனுவோடு தாலுகா ஆபீஸில் காலையிலிருந்து நின்றுவிட்டு, நேராக வகுப்புக்கு வந்தோம். யாரையும் திட்டவில்லை. போர்டில் வகுத்தல் கணக்கு எழுதினோம். நான்காவது படிக்கிற பிள்ளை நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, நாங்க எதுனா தப்பு பண்ணிட்டமா?" என்று கேட்டது.

பட்டா கதையை முழுசாகச் சொன்னோம். அன்றைக்கு வகுத்தல் நடக்கவில்லை.