மஞ்சளடித்த டயலின் விலை

கோயம்புத்தூர்

அன்புள்ள கார்த்திக்,

ஜெனீவாவில் ஏதோ கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நீ எடுத்தனுப்பிய படம் கிடைத்தது. பிளாங்பேன் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் வாட்ச். "எழுத்தெல்லாம் மஞ்சளடிச்சுக் கிடக்கு, இதுக்கா அத்தை இவ்வளவு விலை?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வாட்சின் கதையிலும் ஓர் அத்தை உண்டு. பெட்டி ஃபீக்டர், 1933-இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கியவர். 1950-இல் மருமகன் ஜான் ஜாக் வந்து சேர்ந்தார். அவருக்குக் கடலில் முங்குவதில் பித்து.

ஒருமுறை தெற்குப் பிரான்ஸ் கடலடியில் நேரம் போனதே தெரியாமல் இருந்துவிட்டார். சிலிண்டரில் காற்று தீர்ந்து, தலைதெறிக்க மேலே வரவேண்டியதாயிற்று. அதிலிருந்து பிறந்ததுதான் டயலைச் சுற்றியிருக்கும் அந்த வளையம். முங்குமுன் அதைத் திருப்பி, அதிலுள்ள குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைக்க வேண்டும். பிறகு முள் நிற்கும் இடமே எத்தனை நிமிடம் ஆயிற்று என்று சொல்லிவிடும். கடலடியில் கழித்தல் கணக்கு வேண்டாம். தட்டுப்பட்டுத் தானாக நகராதபடி, அமுக்கினால்தான் திரும்பும். தினம் சாவி கொடுத்தால் திருகின் ரப்பர் தேய்ந்து தண்ணீர் இறங்கும் என்று, கை அசைவிலேயே ஓடும்படியும் செய்தார்.

அதே சமயம் பிரெஞ்சுப் படையின் முங்குவீரர்களுக்காக மலூபியே, ரிஃபோ என்ற இரு அதிகாரிகள் இப்படி ஒரு வாட்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1953-இல் ஜான் ஜாக்கின் வாட்ச் வந்தது. அதன் பேரிலுள்ள ஐம்பது ஃபேதம் ஆழம் என்றால் ஏறக்குறைய 91 மீட்டர். ரோலெக்ஸின் சப்மரைனரும் அதே வருஷத்துப் பிள்ளைதான்; பேர் என்னவோ அதற்குத்தான் அதிகம். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்போது விலைக்கு வருகிறேன். இவை சம்மட்டி, ஸ்பேனர் மாதிரி வேலைக்கான சாமான்கள். அடிபட்டன, தொலைந்தன. சர்வீஸுக்குப் போனவற்றுக்கு டயலும் முள்ளும் மாற்றிப் பளபளவென்று கொடுத்தார்கள்; அன்றைக்கு அதுதான் நல்ல வேலை. அதனால் கைபடாமல் தப்பியவை சொற்பம். அந்தச் சொற்பத்துக்குத்தான் காசு. நம் ஊரில் பழைய சீக்கோவுக்குப் புது டயல் அச்சடித்துப் போடுகிறார்களே, கட்டிக்கொள்ள அழகுதான், ஆனால் சேகரிப்பவன் தொடமாட்டான்.

அந்த மஞ்சள் அந்தக் காலத்து ரேடியம் பூச்சாக இருக்கலாம். இருட்டில் மினுங்குவது எப்போதோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. ரேடியம் பாதியாகவே 1,600 வருஷம் ஆகும். கட்டிக்கொண்டால் பெரிய பயமில்லை, மூடியைத் திறந்து சுரண்டிப் பார்க்காதே. 1960-களில் ஜனங்கள் பயந்ததால், கதிர்வீச்சுக் குறியைக் குறுக்கே அடித்து டயலிலேயே அச்சிட்டு விற்றார்கள். அந்த மாதிரி கிடைத்தால் எனக்கு உடனே படம் அனுப்பு.

வாங்குவதானால் பாலிஷ் போட்டிருக்கிறார்களா என்று கேள். வாங்கியபின் குளத்தில்கூட இறங்காதே, ரப்பருக்கு வயசாகியிருக்கும். விலையை மட்டும் உங்கப்பாவிடம் சொல்லிவிடாதே. திட்டு எனக்குத்தான் விழும்.

அன்புடன்,
அத்தை