இடக்கையின் உரிமை

போலந்து நாட்டு இசைமேதை பிரெடரிக் ஷோப்பான் 1833ஆம் ஆண்டில் பன்னிரண்டு பியானோப் பயிற்சிகளைப் பத்தாம் எண் தொகுதியாக வெளியிட்டார். 1837இல் மேலும் பன்னிரண்டு, இருபத்தைந்தாம் எண் தொகுதியாக வெளிவந்தன. அந்நாள்வரை பயிற்சி எனப்பட்டது பெரும்பாலும் விரல்களுக்கே உரியதாய் இருந்தது. உள்ளத்திற்கு அதில் வேலை குறைவு. ஏறியும் இறங்கியும் செல்லும் சுரவரிசைகளை மாணவன் மணிக்கணக்கில் தட்டுவான். தட்டி முடித்த பின்னரே இசை என்னும் விருந்து அவனுக்குப் பரிமாறப்படும். ஷோப்பானோ பயிற்சியையே விருந்தாக்கினார். விரலுக்கு இட்ட வேலை செவிக்கு இன்பமாகவும் அமைந்தது.

அப்பயிற்சிகள் எளியவை அல்ல. பத்தாம் தொகுதியின் இரண்டாவதை எடுத்துக் கொள்வோம். வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல், சிறுவிரல் ஆகிய மூன்று மட்டுமே கட்டை விடாமல் நெருங்கிய சுரங்களில் விரைந்தோட வேண்டும். அதே வேளையில் அக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் கீழே கூட்டுச்சுரங்களை எழுப்ப வேண்டும். வலிமை மிக்க இரு விரல்களையும் ஏவற்பணிக்கு அனுப்பிவிட்டு, நொய்ந்த மூன்றனிடம் தேரோட்டத்தை ஒப்படைத்த கணக்கு அது. ஐந்தாவதிலோ வலக்கை, ஒரே ஓர் இடம் நீங்கலாக, முழுவதும் கருங்கட்டைகளின்மீதே துள்ளித் திரிகிறது. இவற்றைப் பிழையற வாசிக்கவே ஆண்டுகள் பல செல்லும். வாசித்தவரை உலகம் வல்லுநர் என்று ஒப்புக்கொள்ளும்.

இவற்றையும் அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் மாடங்கள் எழுப்ப முனைந்தவர் லியோபோல்டு கோடோவ்ஸ்கி. 1870ஆம் ஆண்டில், அன்று ரஷ்யப் பேரரசுக்கும் இன்று லித்துவேனியாவுக்கும் உரிய சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். மருத்துவரான தந்தையார், குழந்தைக்கு ஒன்றரை வயது நிரம்பும் வேளையில் காலரா நோய்க்குப் பலியானார். வில்னா நகரில் குடும்ப நண்பர் ஒருவரின் இல்லத்தில் பிள்ளை வளர்ந்தது. ஒன்பது வயதில் மேடை ஏறிய அச்சிறுவனுக்கு நிலையான பியானோ ஆசிரியர் எவரும் வாய்க்கவில்லை. பெர்லின் இசைப்பள்ளியில் பயின்றது சில திங்களே. ஷோப்பான் தம் பத்தாம் தொகுதியைக் காணிக்கையாக்கியது பிரான்சு லிஸ்டுக்கு. அந்த லிஸ்டிடம் பயிலும் ஆவலோடு கோடோவ்ஸ்கி 1886இல் ஐரோப்பா திரும்பியபோது, அப்பெரியார் மறைந்த செய்தியே அவரை எதிர்கொண்டது. அதன்பின் பாரிசில் சேன்-சான்ஸ் என்னும் இசையறிஞரின் அன்பு கிடைத்தது. எனினும் முறையான பாடம் கிடைத்ததாகக் கூறுவதற்கில்லை. இங்ஙனம் ஆசிரியரின்றிக் கற்றவர்தாம் பின்னாளில் சிகாகோவிலும் பெர்லினிலும் வியன்னாவிலும் ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராய் விளங்கினார் என்பது கருதத்தக்கது.

1890களில் தொடங்கி 1914 வரை, ஷோப்பானின் பயிற்சிகளை மூலமாகக் கொண்டு அவர் வெளியிட்ட புதிய பயிற்சிகள் 53. கருங்கட்டைப் பயிற்சி ஒன்றிற்கே ஏழு வடிவங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று கருங்கட்டைகளைக் கைவிட்டு வெண்கட்டைகளின் வழியே செல்கிறது. 'பாடினாஜ்' என்னும் இன்னொரு பயிற்சி, வேடிக்கைப் பேச்சு என்னும் பொருள்படும் தன் பெயருக்கேற்ப, பத்தாம் தொகுதியின் ஐந்தாவதையும் இருபத்தைந்தாம் தொகுதியின் ஒன்பதாவதையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்கிறது. தனித்தனியே வாசித்தாலே விரல் தடுமாறும் இரண்டு பாடல்கள், ஒன்றுக்கொன்று கேலி பேசிக்கொண்டு கைகோத்துச் செல்கின்றன. 1900ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் பெர்லினில் நிகழ்ந்த முதல் அரங்கில், பிராம்சின் இசைக்கோவைக்கும் சைக்கோவ்ஸ்கியின் இசைக்கோவைக்கும் இடையே இத்தகைய பயிற்சிகள் சிலவற்றை அவர் வாசித்தார். கேட்க வந்தவர்களுள் அந்நகரின் பியானோக் கலைஞர்கள் பலர் இருந்தனர். அரங்கம் ஆர்ப்பரித்தது. ஓர் இரவுக்குள் அவர் பெயர் ஐரோப்பா எங்கும் பரவியது எனலாம்.

ஆரவாரத்தோடு கண்டனமும் எழுந்தது. நிறைவுற்ற ஒரு படைப்பின்மேல் கைவைக்க இவர் யார் என்று கேட்டோர் பலர். அல்லிமலருக்குச் சாயம் பூசும் வேலை என்று இதனை இகழ்ந்தவர்களும் இருப்பர். இவ்வினாவைப் புறந்தள்ளுவது முறையன்று. கோடோவ்ஸ்கியும் புறந்தள்ளவில்லை. தம் பதிப்பின் முன்னுரையில், பிறர் படைப்பைத் திருத்துவதும் புதுக்குவதும் தமக்கு உடன்பாடல்ல என்றும், ஷோப்பானின் மூலங்கள் முன்பிருந்தவாறே பழுதின்றி இருக்கின்றன என்றும், தம் நோக்கம் பியானோ வாசிப்பின் எல்லையை விரிப்பதே என்றும் அவர் தெளிவுறுத்தினார்.

முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்னும் பாகுபாட்டை வகுப்பறையில் நாளும் எடுத்துரைக்கும் தமிழாசிரியர்க்கு இந்த விளக்கம் புதுமையாகத் தோன்றாது. முதல் நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறி, மரபு அழியாமல் நிற்பது வழி நூல். வழி நூல் தோன்றியதால் முதல் நூல் எரிந்துபோவதில்லை. ஆனால் இலக்கணம் பொருந்தியதனாலேயே வழி நூல் ஒவ்வொன்றும் சிறந்ததாகிவிடுமா? ஐம்பத்து மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது இயலாது. சில, விடுகதை போன்றவை. விடுவித்தபின் வியப்பு எஞ்சுமேயன்றி இன்பம் எஞ்சாது. இழைக்குமேல் இழையாகச் சேர்ந்த துணைக்குரல்கள், ஷோப்பானின் ஒற்றை இசையோடையை மூச்சுத் திணறச் செய்யும் இடங்களும் உண்டு. கோடோவ்ஸ்கியின்மேல் கொண்ட மதிப்பால் இதனை மறைக்க வேண்டுவதில்லை.

அவருடைய உண்மையான வெற்றி வேறிடத்தில் இருக்கிறது. 53இல் 22 பயிற்சிகள் இடக்கைக்கு மட்டுமே எழுதப்பட்டவை. இரு கைகள் வாசித்ததை ஒரு கை, அதுவும் பெரும்பாலோர்க்கு நொய்ந்த கை, முழுமையாக வாசிக்க வேண்டும். முதற்பார்வைக்கு இது கழைக்கூத்தாகவே தோன்றும். சற்றே ஊன்றி நோக்கினால் காரணம் புலப்படும். பியானோவில் உயர்ந்த சுரங்கள் வலப்புறமும் தாழ்ந்த சுரங்கள் இடப்புறமும் அமைந்துள்ளன. பாட்டின் முதன்மை இசை பெரும்பாலும் மேற்குரலில் செல்லும். வலக்கையை விரித்து வைத்தால் மேற்குரலின்மேல் விழுவது சிறுவிரல்; இடக்கையை விரித்து வைத்தால் அங்கு விழுவதோ பெருவிரலும் சுட்டுவிரலும். ஆகவே, பாட்டைத் தாங்கும் வலிமை இயற்கையிலேயே இடக்கைக்கு வாய்த்திருக்கிறது. அதன் சிறுவிரல் கீழ்ச்சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே தாவுகையில், கால்மிதி அழுந்தியிருப்பதால் நரம்பின் அதிர்வை அடக்கும் கம்பளித்துண்டு எழுந்தே நிற்கும். விரல் நீங்கிய பின்னும் ஒலி நீங்காது. ஒரு கை வாசிக்க, செவியோ இரு கைகளைக் கேட்கும்.

இடக்கை நொய்ந்தது என்பது பிறப்பால் வந்த குறையா, பயிற்றாததால் வந்த குறையா என்பதே கோடோவ்ஸ்கி எழுப்பிய கேள்வி. துணைக்கை என்று பெயரிட்டு, எளிய தாளத்தை மட்டும் அதனிடம் தந்து, பின்னர் அதற்குத் திறமில்லை என்று தீர்ப்பளிப்பது பழகிப்போன அநீதி. கடைசி வரிசையில் அமர்த்தப்பட்ட மாணவனை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவரோ மூன்றாம் சுர இணைகள் வலக்கையில் சிறகடிக்கும் இருபத்தைந்தாம் தொகுதியின் ஆறாம் பயிற்சியை இடக்கைக்கு மாற்றினார். 'புரட்சிப் பயிற்சி' என்று பெயர் பெற்ற பத்தாம் தொகுதியின் பன்னிரண்டாவதில், மூலத்திலேயே இடக்கைக்கு வேலை மிகுதி; அந்தப் புயலோடு வலக்கையின் முழக்கத்தையும் சேர்த்து ஒற்றை இடக்கையிடமே அளித்துவிட்டார். ஆயினும், ஓசை மிகுந்த இதனைவிட, அமைதியான மூன்றாவது பயிற்சியின் இடக்கை வடிவமே மேலானது எனல் வேண்டும். வித்தையைக் காட்ட இடமில்லாத அந்த மெல்லிய பாட்டில், ஒரு கை தனியே நின்று பாடுகிறது. குறை எதுவும் தெரிவதில்லை.

இவ்வழியில் அவர் முதல்வர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மானிய இசைமேதை பாக் வயலினுக்கு எழுதிய 'சக்கோன்' என்னும் பெரும்பாட்டை இடக்கைப் பியானோவுக்கு ஏற்ப பிராம்ஸ் 1877இல் அமைத்துக் கிளாரா ஷூமனுக்கு அனுப்பியிருந்தார். ஆனால் ஒன்றைச் செய்து காட்டுவது வேறு. இருபத்திரண்டு முறை செய்து ஒரு கல்விநெறியாக நிறுவுவது வேறு.

1909 முதல் வியன்னாவில் உயர்நிலை மாணவர்க்குக் கற்பித்தார். அங்கே பயின்ற ஹைன்ரிஹ் நைகவுஸ் பின்னாளில் மாஸ்கோவில் ரிக்டர், கிலேல்ஸ் ஆகிய பெருங்கலைஞர்களை உருவாக்கினார். 1914இல் போர் மூண்டதும் கோடோவ்ஸ்கி அமெரிக்கா மீண்டார். நம் அண்டையிலுள்ள ஜாவாத் தீவுக்கும் அவர் வந்து சென்றிருக்கிறார். கமெலான் இசையும் வாயாங் நிழற்கூத்தும் நிலவொளியில் போரோபுதூரும் அவர் நெஞ்சில் பதிந்து, 1925இல் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட 'ஜாவாத் தொகுப்பு' ஆயின.

பெரிய அரங்குகளைவிட, நண்பர் சூழ்ந்த தம் இல்லத்திலேயே அவர் மிகச் சிறப்பாக வாசித்தார் என்பர் உடன் இருந்தோர். ஒலிப்பதிவுக் கூடம் அவருக்குப் பெருந்துன்பம். ஒரு சுரம் பிழைத்தாலும் அது நிலைத்துவிடுமே என்னும் அச்சம். 1930ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் இலண்டனில், ஷோப்பானின் நான்காம் ஸ்கெர்ட்ஸோவைப் பதிவு செய்த அன்று, வாதநோய் அவரைத் தாக்கியது. அதன்பின் அவர் மேடை ஏறவில்லை. 1932இல் மகன் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். மறு ஆண்டு மனைவியும் மறைந்தார். தந்தையின் பெயரையே தாங்கிய மற்றொரு மகன், 1935இல் வெளிவந்த 'கோடக்குரோம்' வண்ணப்படச் சுருளைக் கண்டறிந்த இருவருள் ஒருவர் ஆனார். 1938ஆம் ஆண்டு நவம்பரில், நியூயார்க் நகரில் கோடோவ்ஸ்கி காலமானார்.

வாசிக்க வல்லார் அரியர் ஆனமையால் அவருடைய பயிற்சிகள் நெடுங்காலம் அலமாரிகளில் உறங்கின. மருமகன் டேவிட் சாபர்ட்டன் சிலவற்றைப் பதிவு செய்தார். அவருடைய மாணவர் ஹோர்ஹே போலெட் வேறு சிலவற்றை மேடையேற்றினார். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மருந்தாளர் ஒருவர் இருந்தார். பியானோவை ஆர்வத்தால் பயின்ற அவருக்குக் கோடோவ்ஸ்கியின் படைப்புகளில் தீராத ஈடுபாடு. 1961இல் பிறந்த அவர் மகன் மார்க்-ஆந்திரே ஹாமெலின் 53 பயிற்சிகளையும் முழுமையாக வாசித்த ஒலிவட்டுகள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஷோப்பானின் மூன்று பயிற்சிகளைக் கோடோவ்ஸ்கி ஒரே பாட்டில் பின்னியிருந்தார் என்று ஒரு செய்தி வழங்கி வந்தது. ஏடு மட்டும் கிடைக்கவில்லை. ஹாமெலின் அதனைத் தேடிக்கொண்டிராமல் தாமே அமர்ந்து அத்தகைய ஒன்றை எழுதினார். பத்தாம் தொகுதியின் இரண்டாவதும், இருபத்தைந்தாம் தொகுதியின் நான்காவதும் பதினொன்றாவதும் ஒருங்கே ஒலிக்கும் அந்த 'மும்மைப் பயிற்சி', 2010இல் அச்சேறிய அவருடைய பன்னிரண்டு பயிற்சிகளுள் முதலாவதாக நிற்கிறது. நொய்ந்த மூன்று விரல்கள் அதிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.