தீர்மான நோட்டு

கட்டற்ற மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அப்படி ஒரு மென்பொருளுக்கு, கடத்தூரில் இருந்தபடி, கல்லூரி விட்டு வந்து இரவுச் சமையலை முடித்தபின், மூன்று ஆண்டுகள் தமிழில் சொற்கள் எழுதினேன். பொத்தான்களின் பெயர்கள், எச்சரிக்கைகள், பிழைச் செய்திகள். சம்பளம் இல்லை; நான் கேட்கவும் இல்லை. என் மாணவிகள் தம் மொழியில் கணினியைத் திறக்கட்டும் என்பதே எனக்குக் கூலி.

பள்ளிகளுக்கான அந்த மென்பொருளில் 'மாணவன் பெயர்' என்று இருந்தது. 'மாணவர் பெயர்' என மாற்றலாம் என்று எழுதினேன். தமிழ் படித்தவள் என்பதால் காரணமும் சொன்னேன்: 'அன்' ஈறு ஆணை மட்டும் குறிக்கும், 'அர்' ஈறு இருபாலாரையும் அடக்கும், மரியாதையாக ஒருவருக்கும் வரும். "இது ஏற்கெனவே முடிவானது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்கே, யாரால் என்று கேட்டேன். நான் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேசி முடித்திருந்தார்கள். நான்கைந்து பேர், எல்லோரும் ஆண்கள், பழைய நண்பர்கள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

அழைக்காமல் இருப்பதும் ஒரு கதவடைப்புதான். கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின்கீழ் 2006இல் க்னோம் குழுவுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. பெண்களுக்கென்று தனியாக அறிவித்ததும் பெண்கள் விண்ணப்பித்தார்கள். அன்றுவரை அவர்கள் எங்கோ இருந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இந்த நோய்க்குப் பெண்ணியவாதிகள் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பெண்விடுதலை இயக்கத்தில் இயங்கிய ஜோ ஃப்ரீமன் 1970இல் ஆற்றிய உரை, 'கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை' என்ற கட்டுரையாக விரிந்தது. தலைவர் இல்லை, விதி இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுவிலும் அதிகாரம் இருக்கும். எழுதப்படாத அதிகாரத்தைக் கேள்வி கேட்க முடியாது. அங்கே நட்பு வட்டமே ஆளும் என்பது அவர் வாதம். பெண்கள் தம் குழுக்களைப் பார்த்தே சொல்லிக்கொண்ட விமர்சனம் அது.

"பிடிக்கவில்லையென்றால் நிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் போகலாமே" என்பார்கள். போகலாம்தான். 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆபிஸ் பங்களிப்பாளர்கள், ஆரக்கிள் நிறுவனத்தைச் சாராமல் லிப்ரெஆபிஸைத் தொடங்கினார்கள், அது நிலைத்தது. ஆனால் அவர்கள் கூட்டமாகப் போனார்கள், பின்னால் நிறுவனங்களும் நின்றன. இது தனிக்குடித்தனம் போலத்தான். கையில் வருமானம் உள்ளவளுக்கு அது உரிமை. இல்லாதவளிடம் "போயேன்" என்பது வாயை மூடு என்பதன் இன்னொரு வடிவம்.

மாற்று வழியைத் தேடி நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. அவற்றில் கடன் நெருக்கடியும் உண்டு, ஊர் அரசியலும் உண்டு. ஆனாலும் ஒரு தீர்மான நோட்டு இருக்கும். யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், இந்த முறை யாருக்குக் கடன் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுவார்கள். எழுத வராதவர் கைநாட்டு வைப்பார். அந்தக் கைநாட்டுக்கு இருக்கும் மதிப்பு, முனைவர் பட்டம் பெற்ற என் மூன்று ஆண்டு உழைப்புக்கு இல்லை.

வீட்டில் உழைப்பு நம்முடையது, முடிவு பிறருடையது. அதே ஏற்பாட்டைத் 'தன்னார்வம்' என்ற பெயரில் வெளியிலும் ஏற்க வேண்டியதில்லை. பங்களிக்கப் போகும் மாணவிகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். இங்கே முடிவை யார் எடுக்கிறார்கள்? அது எங்கே எழுதப்படுகிறது? எடுத்த முடிவை மறுபடி பேச வழி உண்டா?

பதில் சொல்லும் இடத்துக்கு உழைப்பைக் கொடுங்கள். நானும் இப்போது அப்படித்தான் கொடுக்கிறேன்.