வால்கயிறு

பனிச்சரிவில் சிக்காமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தர இரண்டு நாளுக்கு 290 டாலர் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் 380. பாடத்திட்டம் இரண்டிலும் ஒன்றுதான். ரெவல்ஸ்டோக் ஊரில் இருக்கும் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு வகுத்துக் கொடுப்பது. முதல் நிலைக்கு ஏஎஸ்டி 1 என்று பெயர். நடத்துகிறவர்கள் வேறு வேறு, கட்டணம் அவரவர் இஷ்டம். ஒரே பத்தாம் வகுப்புக் கணக்கை நாலு தெருவில் நாலு டியூஷன் மாஸ்டர்கள் நாலு விலைக்கு நடத்திய ஊரில் வளர்ந்தவன் நான். குழம்பவில்லை.

மகள்தான் காரணம். லிஃப்ட் இல்லாத மலைகளில் ஏறிச் சறுக்கப்போகிறேன் என்றாள். சரி, வகுப்புக்கு மட்டும் நானும் வருகிறேன் என்றேன்.

விலை கூடிய இடத்தின் விளம்பரத்தில் ஒருவன் பாறையிலிருந்து குதித்து, தூள்பனி சிதற அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தான். மற்றதில் ஏழெட்டுப் பேர் இடுப்பளவுக் குழிக்குள் நின்று, ரேஷன் கடை வரிசை முகத்தோடு ஒரு பனிச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குழிக்குப் பணம் கட்டினேன். சமிக்ஞை அனுப்பும் பீக்கன், பனியில் குத்திப் பார்க்கும் ப்ரோப், தோண்டுவதற்கு ஷவல் மூன்றுக்கும் வாடகை தனி என்பது பிறகுதான் தெரிந்தது. கல்யாண மண்டபத்துக்காரர்கள் கரண்டுக்குத் தனியாக வாங்குவார்களே, அந்த மாதிரி.

முதல் நாள் முழுக்க வகுப்பறை. மறுநாள் ராக்கி மலையில் போ சம்மிட் பக்கம் கூட்டிப்போனார்கள். போக நினைத்திருந்த சரிவைப் பயிற்சியாளர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்று மரங்களுக்கு நடுவே திரும்பிவிட்டார். காசு கொடுத்துவிட்டுச் சமதரையில் நிற்பதா என்று கூட வந்த இளைஞன் ஒருவன் முணுமுணுத்தான். அந்த ‘வேண்டாம்’தான் நாங்கள் வாங்கிய சரக்கு என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். கிழவன் உபதேசம் எடுபடாது.

குழி வெட்டினோம். சுவரை ஒட்டி, முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டரில் பனியைத் தூண் மாதிரி அறுத்துத் தனியாக நிறுத்தி, அதன் தலையில் ஷவலின் தகட்டை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எங்கள் தூண் பதின்மூன்றாவது தட்டில் உடைந்தது. நொறுங்கவில்லை; மேல்பாதி அப்படியே ஒரு பலகையாக நழுவி என் மடிக்கு வந்தது. அதன் அடியில் இருந்ததைக் கையுறையில் அள்ளிப் பார்த்தால் ஜீனி. கட்டிபிடிக்காமல் விரல் இடுக்கில் வழிந்தது. பனி ஆழமில்லாமலும் குளிர் கடுமையாகவும் இருக்கும் ராக்கி மலையில் இந்த ஜீனி அடியில் உருவாகி வாரக்கணக்கில் காத்திருக்கும். மேலே இறுகின பலகை, கீழே ஜீனி, முப்பது டிகிரிக்கு மேல் சாய்வு. மிச்சத்துக்கு ஓர் ஆளின் எடை போதும்.

பிறகு தேடுதல். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். புதைந்தவரிடமும் அது இருக்க வேண்டும். திரையில் அம்பும் எண்ணும் வரும். நேர்கோட்டில் போகவிடாது, காந்தப்புலம் வளைந்த வழியே நம்மையும் வளைத்துக் கூட்டிப்போகும். சாக்குப்பைக்குள் புதைத்த பீக்கனை நான் எடுக்க ஒன்பது நிமிடம் ஆனது. பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்; அரைமணி ஆனால் மூன்றில் ஒருவர்தான். மகள் நாலு நிமிடத்தில் எடுத்தாள். “நீ புதைஞ்சா பரவாயில்லப்பா, நான் புதைஞ்சாத்தான் கஷ்டம்” என்றாள்.

இந்த மின்சாரப் பெட்டி 1968இல்தான் வந்தது. அதற்கு முன் இருந்தது ஒரு கயிறு. ஓய்கன் ஓர்ட்டல் என்ற பவேரியாக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்ன யோசனை: இடுப்பில் நீளமான சிவப்புக் கயிற்றைக் கட்டி, பின்னால் வால் போல இழுபட விட்டுச் சறுக்க வேண்டும். பனி மூடினால் ஆள் கனமாக உள்ளே போவார், கயிறு லேசு, எங்காவது ஒரு நுனி மேலே கிடக்கும். ஆள் எந்தப் பக்கம் என்று காட்ட அதில் ஆங்காங்கே அம்புக்குறி போட்ட தகடுகள். பல சமயம் கயிறும் சேர்ந்தே புதைந்தது என்பது வேறு விஷயம்.

அந்தக் கயிற்றைப் பற்றித் தெரிந்ததிலிருந்து எனக்கு வேறு ஞாபகமில்லை. கோபி பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நான் நீச்சல் பழகியது இடுப்புக் கயிற்றோடுதான். மோட்டார் வந்து, மாடு பூட்டிக் கவலை இறைப்பது நின்றபின் சாளையில் தொங்கிக்கொண்டிருந்த வால்கயிறு அது; கவலைப் பறியின் வாலை இழுக்கும் மெல்லிய கயிறு. வடக்கயிறு முரடு, வயிற்றை அறுக்கும் என்று சித்தப்பா வால்கயிறாகப் பார்த்து எடுத்தார். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. மறுநுனியைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்துவிடுவார். “காலை உதை, காலை உதை” என்பதைத் தவிர வேறு பாடமில்லை. மூச்சு முட்டி நான் தண்ணீர் குடித்ததும் இடுப்பு வெடுக்கென்று மேலே போகும். படிக்கட்டில் மோதி முட்டி சிராய்க்கும். சின்னாத்தா எட்டிப் பார்த்துச் சத்தம் போடுவார். பதினைந்து நாளில் குடுக்கை போயிற்று, கயிறு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கட்டணம், தினம் ஒரு கட்டு பீடி வாங்கி வர வேண்டும்.

வகுப்பு முடிந்த வாரம் அவருக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டிவிட்டது, காதும் மந்தம். 290 டாலரை ரூபாயில் சொன்னதும், “பனியில புதையறதுக்கா?” என்றார். புதையாமல் இருப்பதற்கு என்றேன். கிணற்றை நினைவுபடுத்தி, உங்களைப்போல வாத்தியார் இங்கே கிடைக்கவில்லை என்று கொஞ்சம் ஐஸும் வைத்தேன்.

“நானென்னத்தைக் கண்டேன்? எனக்கு நீச்சலே தெரியாதே.”

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு வயிற்றைக் கலக்கியது. நான் முங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

“இழுத்திருப்பேன். அதுக்குத்தானடா கயிறு.”