ஒரு பவுண்டுக்கும் வேண்டாம் என்ற களஞ்சியம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் எம்4 நெடுஞ்சாலைக்கும் நடுவே சிக்கிக்கொண்ட கிராமம் ஹார்மண்ட்ஸ்வொர்த். அங்கே பழைய தேவாலயத்துக்குப் பக்கத்தில், பலகைச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக ஒரு தானியக் களஞ்சியம் நீட்டிப் படுத்திருக்கிறது. நீளம் 192 அடி. கட்டியது 1426-27இல்.

இதைத் 'தசமபாகக் களஞ்சியம்' என்று சொல்வோர் உண்டு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு என்பதுதான் தசமபாகம். அதைச் சேர்த்துவைக்கவே கட்டிய களஞ்சியங்கள் இங்கிலாந்தில் பல. இது அந்த வகையில்லை. 1391இல் இந்தப் பண்ணை வின்செஸ்டர் கல்லூரியின் கைக்கு வந்தது. பண்ணையில் விளைந்த கோதுமையும் பார்லியும் ஓட்ஸும் வந்து குவிந்த இடம் இது. பெரிதாக ஒரு பழைய களஞ்சியத்தைக் கண்டால் போதும், தசமபாகப் பட்டம் கட்டிவிடுவது அங்கே வழக்கம்.

உள்ளே இரண்டு வரிசையாக ஓக் மரத் தூண்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 அங்குலச் சதுரம். தூணின் அடி மண்ணைத் தொடவில்லை. மணற்கல் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஈரம் ஏறி மரம் உளுத்துப்போகாமல் காத்தது அந்தக் கல்தான். தூணையும் உத்தரத்தையும் பொருத்திப் பிணைத்திருப்பது மர முளைகள். நடுவே அகன்ற கூடம், இரு பக்கமும் தாழ்ந்த சிறகுகள் என்று பார்த்தால் அப்படியே தேவாலய அமைப்பு. கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை மிடில்செக்ஸின் (இந்த ஊர் இருந்த பழைய மாவட்டம்) பேராலயம் என்று அழைத்தது சும்மா இல்லை. ஆனால் இந்தக் கூடத்தில் ஏறியது சாம்பிராணிப் புகை அல்ல, கதிரடிக்கும் தூசி. 1970கள் வரை இது பண்ணை வேலைக்குப் பயன்பட்டது.

வம்பு தொடங்கியது 2006இல். உரிமையாளர் நிறுவனம் நொடித்துப்போக, களஞ்சியத்தை ஒரே ஒரு பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளும்படி உள்ளூர் மன்றத்தையும் 'இங்கிலிஷ் ஹெரிடேஜ்' என்ற மரபுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பையும் கேட்டார்கள். இருவரும் மறுத்தார்கள். விலை ஒரு பவுண்டுதான். பிறகு ஆகும் பராமரிப்புச் செலவுக்கு யார் பொறுப்பு? அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் கணக்கு தப்பிவிட்டது. ஜிப்ரால்டரில் பதிவான ஒரு நிறுவனம் வாங்கியது. விமான நிலைய விரிவாக்கத்தில் வரக்கூடிய இழப்பீட்டுக்காகத்தான் என்று ஊரில் பேச்சு. கதவு பூட்டப்பட்டது, கூரை கவனிப்பாரற்றுப் போனது. 2009இல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் தன் செலவில் அவசரப் பழுது பார்த்து, அந்தப் பணத்தைக் கேட்டு வழக்காடி, கடைசியில் 2012இல் 20,000 பவுண்டு கொடுத்துக் களஞ்சியத்தையே வாங்கியது. அதற்குப் பிறகுதான் முழுச் சீரமைப்பு நடந்தது.

இப்போது வாதம் வேறு. ஹீத்ரோவின் மூன்றாவது ஓடுபாதைத் திட்டம் 2018இல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்று, நீதிமன்றம் ஏறி இறங்கி, இன்னும் உயிரோடு இருக்கிறது. அது வந்தால் ஊரின் பெரும்பகுதி வீடுகள் இடிபடும். களஞ்சியம் விமான நிலைய எல்லைக்குச் சற்று வெளியே தப்பி நிற்கும். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. களஞ்சியம் ஊரோடு சேர்ந்த பொருள்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் தன்னார்வலர்கள் கதவைத் திறந்துவைக்கிறார்கள். கட்டணம் கிடையாது.